வைத்தியர் மார்செல் ஜூனோ

பகைவர் சிறையிற் கிடந்தோரின் குறைகேட்கச் சென்ற நடுநிலையாளர் ஒருவரை நாம் ஈண்டு நினைவுகூருகின்றோம். சுவிற்சர்லாந்திலே 1904ஆம் ஆண்டு பிறந்த மார்செல் ஜூனோ சத்திரவைத்தியம் பயின்றவர். 1935இல் செஞ்சிலுவைச் சங்கச் சர்வதேசக் குழுவின் பிரதிநிதியாக எதியோப்பியப் போர்க்களஞ் சென்றார். பின்னர் ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே இரு தரப்பாரிடையே கைதிகளை மாற்றுவிக்க உழைத்தார்.

யுத்தக்கைதிகளின் முகாம்களை நடுநிலையாளர் பார்வையிடவும், காவலர் அருகில்லாது கைதிகளோடு உரையாடவும் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வழிவகுத்தது. உணவையும் படுக்கையையுங் கண்ணாற் காணலாம். அடிபட்டவன் காவலன் முன்னிலையில் வாய் திறப்பானா? தனித்துப் பேசும் உரிமையே இம்முறைக்கு உயிர் என்று நாம் கருதுகின்றோம். யப்பானோ அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்டும் அதனை உறுதிசெய்யவில்லை.

1945 ஆகஸ்டில் ஜூனோ மஞ்சூரியா வழியாக யப்பானுக்குப் பயணமானார். வழியில் ஒரு முகாமிலே, சிங்கப்பூரில் 1942இற் சரணடைந்த பிரித்தானியத் தளபதி பேர்சிவலும் அமெரிக்கத் தளபதி வெயின்றைற்றும் அடைபட்டிருந்தனர். அத்துணைத் தூரஞ் சென்றவருக்கு அவர்களோடு தடையின்றித் தனித்துரையாட இடமளிக்கப்படவில்லை.

யப்பான் பணிந்தபின், செப்டெம்பர் 8ஆம் நாள் ஏறக்குறைய 15 தொன் மருந்துப் பொருள்களுடன் ஹிரோஷிமாவை அடைந்து, நோயாளருக்குத் தாமே சிகிச்சையளித்தார். 1961 யூன் 16ஆம் நாள், ஜெனீவாவில் மயக்கமருந்து வைத்தியராகக் கடமையாற்றுகையிலேயே அவர் உயிர் பிரிந்தது.