மாண்டிசோரி முறை முதலில் யாருக்காக உருவானது? அடையாறில் வாழ்ந்த இத்தாலி டாக்டரின் கதை

குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஸ்கூல் தேடும்போது ‘மாண்டிசோரி’ என்ற பெயர் எப்படியும் கண்ணில் படும். அந்தப் பெயர் இருந்தால் ஃபீஸும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் அந்த முறை முதலில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காக உருவாகவில்லை. இதுங்களுக்குப் படிப்பே வராது என்று முடிவு கட்டி, மனநலக் காப்பகத்தில் அடைத்துவைத்த குழந்தைகளுக்காக உருவானது.

இன்னொரு விஷயம். அந்தக் கதையில் ஒரு முக்கியமான திருப்பம் நெசவில் இருந்து வருகிறது. பட்டுத் தறிக்குப் பெயர்போன காஞ்சிபுரம், தாமல் பக்கத்து ஆட்களுக்கு அது சட்டென்று புரியும். யாரும் முதல் நாளே தறியில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்துவிடுவதில்லை. நூல் சுற்றுவது, இழை பிணைப்பது என்று கை ஒவ்வொன்றாகப் பழகிய பிறகுதான் நாடா கைக்கு வரும். இதையே ஒரு டாக்டர் சுமார் 125 வருஷத்துக்கு முன்னால் ரோம் நகரத்தில் கண்டுபிடித்தார்.

யார் இந்த மரியா மாண்டிசோரி?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாராவாலே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா அரசு அதிகாரி. மரியாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் அதிகம் போகாத தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். முதலில் இன்ஜினியர் ஆகத்தான் ஆசை. பிறகு டாக்டர் படிப்பு என்று மாறினார். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை.

மருத்துவக் கல்லூரியில் ஆண்களோடு சேர்ந்து உடற்கூறாய்வு செய்ய அவரை விடவில்லை. மற்றவர்கள் போன பிறகு, பிணவறையில் தனியாக நின்று படித்தார். 1896-ல் பட்டம் வாங்கினார். இத்தாலியில் டாக்டர் ஆன ஆரம்பகாலப் பெண்களில் அவரும் ஒருவர்.

காப்பகத்தில் என்ன பார்த்தார்?

பட்டம் வாங்கிய கையோடு ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளைத் தேர்வு செய்ய நகரத்தின் காப்பகங்களுக்குப் போக வேண்டும். அங்கே பெரியவர்களோடு குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தார்கள். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்கள், பேச்சு வராதவர்கள் எல்லாம் ஒரே இடத்தில். விளையாட ஒரு பொம்மைகூடக் கிடையாது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு அது அருவருப்பு. அதுங்களுக்குத் தின்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று திட்டினார். மாண்டிசோரிக்கு வேறு ஒன்று தெரிந்தது. அந்த வெற்று அறையில் கையால் தொட்டு உருட்டிப் பார்க்க இருந்த ஒரே பொருள் அந்தத் துணுக்குகள்தான். பசி வயிற்றில் இல்லை, கையில் இருந்தது.

தனக்கு முன்னால் இதை யோசித்தவர்கள் யார் என்று தேடினார். பிரான்ஸில் காட்டில் கிடைத்த சிறுவனுக்குப் பாடம் சொல்லித் தந்த இட்டார்ட், அவருடைய மாணவர் செகுவான் என்று இரண்டு டாக்டர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய புத்தகங்களைத் தன் கையாலேயே இத்தாலியனில் மொழிபெயர்த்து எழுதி, வரிவரியாகப் படித்தார்.

1898-ல் டூரின் நகரத்தில் ஆசிரியர் மாநாடு. அங்கே எழுந்து, இந்தக் குழந்தைகளின் பிரச்சினைக்கு மருந்தைவிடப் படிப்புதான் முக்கியம் என்று வாதாடினார். இவர்களுக்குத் தனி ஆசிரியர்களைத் தயார் செய்யுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1900-ல் ரோமில் அதற்கான பயிற்சிப் பள்ளி திறந்தது. அதன் இரண்டு இயக்குநர்களில் ஒருவர் மாண்டிசோரி.

நெசவுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பள்ளியில் காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை குழந்தைகளோடு இருந்தார். அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. கையில் தெம்பு இருந்தது. ஆனால் ஊசி நூல் கொண்டு தையல் போட எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. இழைக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஊசியைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அது பிடிபடவில்லை.

மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டார். பாவு மாதிரி நேராகக் கட்டிய காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஊடை மாதிரி இன்னொரு பட்டையை மேலே கீழே விட்டுக் கோக்கச் சொன்னார். அது சிறுமிக்குப் பிடித்துப்போனது. நன்றாகப் பழகிய பிறகு மறுபடி ஊசியைக் கொடுத்தார். இந்தத் தடவை தையல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தையல் வகுப்பே காகித நெசவில்தான் தொடங்கியது.

இதில் இருந்து அவர் பிடித்துக்கொண்ட பாடம் இதுதான். ஒரு வேலை வரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பயனில்லை. அந்த வேலைக்குத் தேவையான அசைவை வேறு வழியில் கைக்கு முன்னாடியே பழக்க வேண்டும்.

எழுத்துக்கும் இதே வழிதான். மரத்தில் பெரிய பெரிய எழுத்துகளைச் செய்துவைத்து, விரலால் தடவச் சொன்னார். நம்ம ஊரில் விஜயதசமி அன்று அரிசியில் ‘அ’ எழுத வைப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. விரலுக்கு வடிவம் பழகிய பிறகுதான் பென்சில்.

தேர்வில் நடந்தது என்ன?

காப்பகத்தில் இருந்து வந்த சில குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். மற்ற பள்ளி மாணவர்களோடு சேர்ந்து பொதுத் தேர்வு எழுதி பாஸும் ஆனார்கள். ஊரே அதிசயம் என்று கொண்டாடியது. மாண்டிசோரி மட்டும் வேறு கேள்வியில் மாட்டிக்கொண்டார். எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாகத்தான் மார்க் எடுக்கிறார்கள் என்றால், அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பெரிய தப்பு இருக்க வேண்டும்?

அந்தக் கேள்விதான் அவரை உலகம் அறிந்த மாண்டிசோரி ஆக்கியது. 1907 ஜனவரி 6-ல் ரோமின் ஏழைகள் பகுதியான சான் லோரென்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தார். சுமார் 50 குழந்தைகள். பழைய பள்ளியில் இருந்தது போன்ற மர எழுத்துகள் கிடைக்காததால், அட்டையில் உப்புக்காகிதத்தை வெட்டி ஒட்டினார். இன்றைக்கு மாண்டிசோரி வகுப்பில் பார்க்கிற சொரசொரப்பான எழுத்து அட்டைகள் அப்படி வந்தவைதான்.

சொந்த வாழ்க்கையில் என்ன நடந்தது?

பயிற்சிப் பள்ளியின் இன்னொரு இயக்குநர் டாக்டர் மான்டெசானோ. இருவருக்கும் காதல். 1898-ல் மகன் மரியோ பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் டாக்டர் வேலை போய்விடும் என்ற காலம் அது. குழந்தையை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மான்டெசானோ வேறு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1901-ல் மாண்டிசோரி அந்தப் பள்ளியை விட்டே விலகினார்.

மற்றவர்களின் குழந்தைகளோடு பகல் முழுக்க இருந்தவர், தன் பிள்ளையை அப்பப்போ போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் அம்மா இறந்த பிறகுதான் மரியோவைக் கூடவே அழைத்துவந்தார். அப்போது அவனுக்கு சுமார் 15 வயது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஊருக்கு அறிமுகம் செய்தது உறவுக்காரப் பையன் என்றுதான்.

அடையாறுக்கு வந்தது எப்படி?

முசோலினி அரசோடு மோதல் வந்து, 1934-ல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்து ஸ்பெயின். அங்கே உள்நாட்டுப் போர். பிறகு நெதர்லாந்து. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்தார். அருண்டேலின் மனைவிதான் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி. அந்த நவம்பரில் 69 வயது மாண்டிசோரி மகனோடு சென்னை வந்து இறங்கினார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி வகுப்பு. அவர் இத்தாலியனில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் நிலைமை தலைகீழ். இத்தாலிக்காரர்கள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகஸ்ட் 31-ல் அவருக்கு 70-வது பிறந்தநாள். அன்றைக்குத்தான் வைஸ்ராய் மரியோவை விடுவித்தார்.

பிறகு சுமார் இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்தார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பி, 1947-ல் மறுபடி அடையாறு வந்து, 1949-ல் கடைசியாகக் கிளம்பினார். அதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி எடுத்திருந்தார்கள். நோபல் அமைதிப் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. 1952 மே 6-ல் நெதர்லாந்தில் 81 வயதில் இறந்தார்.

முறை போன பாதை சரியா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1901-க்குப் பிறகு காப்பகக் குழந்தைகளுக்கான வேலைக்கு மாண்டிசோரி முழுசாகத் திரும்பவே இல்லை. அவர்களிடம் கற்றதை எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டுபோனார். அது பெரிய விஷயம். ஆனால் யாரால் அந்த முறை பிறந்ததோ, அவர்களில் பலருக்கு அது இன்றும் எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்தக் கடன் இன்னும் பாக்கி.

வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் என்ன செய்யலாம்?

தாமலோ, வேறு எந்த ஊரோ, குழந்தை உட்கார, நடக்க, பேச ரொம்பத் தாமதம் ஆனால் தானா சரியாயிடும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லலாம். அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

பள்ளி வயது வந்துவிட்டால் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி போன்ற உதவிகள் அதன் வழியாகத்தான் கிடைக்கும். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். அதனால் இடம் இல்லை, வேற ஸ்கூல் பாருங்க என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யவும் வேலை இருக்கிறது. சட்டைப் பட்டன் போட வரவில்லையா? முதலில் பெரிய பட்டன் தைத்த துணியை மேஜை மேல் வைத்துப் பழக்கலாம். பென்சில் பிடிக்க வரவில்லையா? பருப்பைப் பொறுக்கிப் பிரிக்க, சொம்பில் இருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்ற விடலாம். கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறுமிக்குத் தையல் வந்ததும் இப்படித்தான். யாரும் அவளைத் திட்டவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வேறு வழியில் கையைப் பழக்கினார்கள்.