சொல்லின் வேரைத் தேடிய சுவாமிகள்

பேச்சு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே கொடுத்த ஒருவர் நம் யாழ்ப்பாண மண்ணில் வாழ்ந்தார். அவர்தாம் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

1861இல் பாரிஸ் நகரில் புரோக்கா என்னும் வைத்தியர், பிறர் சொல்வதை விளங்கிக்கொண்டும் ஒரேயோர் அசையன்றி வேறெதுவும் சொல்ல மாட்டாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க மூளையின் முன்பகுதி பழுதுபட்டிருக்கக் கண்டார். 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே, கேட்டதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் செவிக்கு அண்மையான மற்றொரு பகுதியைச் சார்ந்தது என்று காட்டினார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1875 ஆகஸ்ட் 30ஆம் நாள், மானிப்பாயிலே ஒரு சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கம் என்னும் குழந்தை பிறந்தது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்ய, பிள்ளையும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பிரகாசம் ஆனார். வளர்ந்தபின் புகையிரத இலாகாவில் கிடைத்த உத்தியோகத்தை விட்டுக் குருமடம் புகுந்தார். 1901இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் நல்லூரே அவருடைய பணிக்களமாயிற்று.

பங்குப் பணிகளுக்கிடையே சுவாமிகள் மொழிகளைக் கற்றார். எழுபத்திரண்டு மொழிகள் அறிந்தவர் என்று அவரைச் சொல்வது நம்மவர் வழக்கம். ஆயினும் எண்ணிக்கையிலும் பெரிது அவர் தேடிய பொருள். அவன், அங்கு, அன்று என்பன தொலைவைக் காட்டுகின்றன. இவன், இங்கு, இன்று என்பன அண்மையைக் காட்டுகின்றன. விரலால் சுட்டுவதுபோல ஒலியால் சுட்டிய இத்தகைய உயிரொலிகளே தமிழ்ச் சொற்களின் வித்து என்று சுவாமிகள் கருதினார். ஐரோப்பிய மொழிகளின் வேர்களையும் அவற்றோடு ஒப்பிட்டார். அறிஞர் எல்லோரும் இதனை ஏற்கவில்லை, அவரோ தளரவில்லை. 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அது நிறைவுறுமுன், 1947 ஜனவரி 22ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காலத்திலேயே ஜெர்மனியில் எமில் கிரெப்ஸ் என்னும் பன்மொழி வல்லுநர் வாழ்ந்து 1930இல் மறைந்தார். பாதுகாத்து வைக்கப்பட்ட அவரது மூளையைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், புரோக்கா குறித்த பகுதியின் அமைப்பு மற்றவர்களுடையதினின்றும் வேறுபடுவதை 2004இல் அறிவித்தனர். அது பிறவியில் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்பதை அம்மூளை மட்டும் சொல்லாது. பேச்சு ஓரிரு இடங்களின் வேலையன்று, நரம்பிழைகளால் பிணைந்த பல பகுதிகளின் கூட்டுவேலை என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. ஒருவர் அறிந்த பல மொழிகளும் பெரும்பாலும் அதே பகுதிகளையே பகிர்ந்துகொள்கின்றன. ஒரு மொழி வந்து குடியேற மற்றொன்று வெளியேற வேண்டியதில்லை.

பெற்றோரே, இதனைக் கவனியுங்கள். வேற்றுமொழி கற்கும் பிள்ளைக்குத் தமிழும் சேர்ந்தால் குழப்பமாகும் என்று அஞ்சி, வீட்டிலே தமிழை நிறுத்துவோர் உள்நாட்டிலும் உண்டு, புலம்பெயர்ந்த நாடுகளிலும் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். ஆனால் பேசாத மொழி நாளடைவில் பிள்ளையின் நாவை விட்டு நழுவிவிடும். உலக மொழிகளைத் தேடிக் கற்ற சுவாமிகள் தம் உழைப்பின் கனியைத் தமிழுக்கே அகராதியாக வைத்துச் சென்றார். அதை விரித்துப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்க வேண்டாமா? இன்றிரவு உணவு வேளையிலேயே அவர்களோடு தமிழில் பேசத் தொடங்குங்கள்.