தூக்கணாங்குருவியும் சலீம் அலியும்

1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்த சலீம் அலி, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இஃது உண்ணத் தக்கதுதானா என்னும் ஐயத்துடன் மாமனை நாடினார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். செயலர் மில்லார்டு அப்பறவையின் பெயரைக் கூறியதோடு, பாடம் செய்த பறவைகள் அடங்கிய பேழைகளையும் திறந்து காட்டினார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை அவரை நெடுநாள் வருத்திற்று. அருங்காட்சியகத்தில் கிடைத்த விளக்கவுரையாளர் பணியும், பெர்லினில் பயின்று 1930-இல் மீண்டபோது நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையற்றவராய், மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார்.

வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. யாவரும் கண்டும் காணாது கடக்கும் பறவை! சலீம் அலியோ மறைந்திருந்து பல நாள் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிறுத்தும். பெண்குருவி உட்புகுந்து ஆராய்ந்து ஏற்ற பின்னரே எஞ்சிய பகுதியை முடிக்கும். அதன்பின் வேறொரு கூடு தொடங்கி, வேறொரு துணையை நாடும். இவ்வாய்வே அவருக்குப் பறவையியலாளர் என்னும் பெயரை ஈட்டித் தந்தது. பட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும் எம்மனோர்க்கு இது சற்றே உறுத்தும்.

பின்னர் டில்லன் ரிப்ளேயுடன் பத்துத் தொகுதிகளாகப் பறவைக் கையேடு படைத்தார். 1976-இல் பத்மவிபூஷண் பெற்றார். 1987 ஜூன் 20-இல் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, அன்று வீழ்ந்த அச்சிறு குருவியையே பெயராக்கியிருந்தார்.