கை கொடுத்த மருத்துவர் பால் பிராண்ட்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல்)

செங்கற்பட்டு என்றதும் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். மாமல்லபுரம் என்றதும் கடலும் கற்கோயில்களும் கண்முன் நிற்கும். ஆனால் தொழுநோய் மருத்துவம் பயின்றவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவராயினும், செங்கற்பட்டு என்ற பெயர் நினைவூட்டுவது அருகிலுள்ள திருமணியைத்தான். 1955-ஆம் ஆண்டில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறிய அவ்விடம், அதற்கு முன் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் என வழங்கியது. அந்த வளாகத்தில் 1947-இல் ஒரு நாள், முப்பது வயதைக் கடந்த ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைத் தம் கையில் பற்றி, முழுப் பலத்தையும் சேர்த்து அழுத்தும்படி கேட்டார். அவரே டாக்டர் பால் பிராண்ட். கிறித்துவர்கள் கீழ்ப்படிதல் என்று சொல்வது என்ன என்பதை அவருடைய வாழ்க்கையைக் கொண்டு சிந்திக்கலாம் என எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கீழ்ப்படிதல் என்ற சொல் நம்மில் பலருக்கு இனிக்காது. பண்ணைக்கும் பட்டத்துக்கும் கீழ்ப்படிந்து முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கல்லூரி வாசலை மிதித்ததே அந்த வளைவை நிமிர்த்தத்தான். எனவே பிராண்ட் எதற்குக் கீழ்ப்படிந்தார், எதற்குக் கீழ்ப்படியவில்லை என்பதைப் பார்த்துவிட்டே அச்சொல்லை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

அவர் பிறந்தது நம் தமிழ்நாட்டில், 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள்; வளர்ந்தது கொல்லிமலையில். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட்; தாய் எவெலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ஜெஸ்ஸி வீடு கட்டும் தொழில் தெரிந்தவர். சிறிதளவு மருத்துவமும் கற்றிருந்தார். மலைவாழ் மக்களுக்குப் புண் கட்டுவதும், பல் பிடுங்குவதும், பள்ளி நடத்துவதும், பயிர்த்தொழில் சொல்லிக்கொடுப்பதும் ஊழியத்தின் பகுதிகளாகவே அவருக்குத் தோன்றின. சிறுவன் பால் மரங்களில் ஏறியும் மலைப்பிள்ளைகளோடு ஓடியாடியும் வளர்ந்தான். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூவர் வீட்டுக்கு வந்தபோது, எப்போதும் வெறுங்கையால் புண் கழுவும் தந்தை அன்று மட்டும் கையுறை அணிந்ததையும், அவர்களுக்கு உணவு வைத்துக் கொடுத்த கூடை பிறகு எரிக்கப்பட்டதையும், அவர்கள் அமர்ந்த இடத்தின் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டதையும் அவன் பார்த்தான். அன்பே உருவான வீட்டுக்குள்ளும் அந்த அச்சம் நுழைந்திருந்தது.

ஒன்பதாம் வயதில் படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தந்தையை அதன்பின் அவன் காணவே இல்லை. 1929-இல் கொல்லிமலையில் கடுங்காய்ச்சலால் ஜெஸ்ஸி மறைந்தார். தந்திச் செய்தி முதலில் வந்தது; அவர் உயிரோடிருந்தபோது எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் வந்து சேர்ந்தது அதற்குப் பின்னர். இறந்தவரின் எழுத்தில் மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றிப் படித்த பதினான்கு வயதுப் பையனின் மனநிலையை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

உறவினர் ஒருவர் மருத்துவம் படிக்க வைக்க முன்வந்தபோது பால் மறுத்துவிட்டார். சீழும் இரத்தமும் அவருக்கு அருவருப்பு. தந்தையைப் போல் கட்டடத் தொழில் கற்று மிஷனரியாகப் போவதே அவர் விருப்பம். ஆகவே பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தச்சு, கொத்து வேலைகளில் சில ஆண்டுகள் பயின்றார். கலவை குழைத்தார், மரம் இழைத்தார், கல் அடுக்கினார். அதன்பின் வெளிநாடு செல்வோர்க்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது ஒரு மருத்துவமனையில், உயிர் போய்விட்டதென்றே தோன்றிய ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏற்றியதும் கன்னத்தில் நிறம் திரும்பியதைக் கண்டார். எந்த இரத்தத்தைக் கண்டு ஒதுங்கினாரோ அதுவே அவரை அழைத்தது. 1937-இல், இருபத்து மூன்று வயதில், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மருத்துவ மாணவரானார். கொத்து வேலையில் கழிந்த ஆண்டுகள் வீண் என்றே அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

லண்டன்மீது குண்டுகள் விழுந்த போர்க்காலத்தில் சிதைந்த கைகால்களைத் தைத்துத் தைத்தே அறுவை மருத்துவத்தில் தேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். போருக்குப் பின் ஒருவர் அவரைத் தேடி வந்தார். செங்கற்பட்டில் தொழுநோய் இல்லத்தை நடத்தி, பின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குத் தலைமையேற்ற டாக்டர் இராபர்ட் காக்ரேனே அவர். வேலூருக்கு அறுவை மருத்துவர் வேண்டும் என்றார். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு முதலில் தனியாகவே கப்பலேறி 1946-இன் இறுதியில் பிராண்ட் வேலூர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு குடும்பம் வந்தது.

காக்ரேன் சல்போன் மருந்தால் தொழுநோயைக் குணப்படுத்த முடியும் என்று செங்கற்பட்டில் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. கிருமி சாகும், ஆனால் மடங்கிய விரல் மடங்கியே இருக்கும். பிராண்டைத் திருமணிக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார் காக்ரேன். செருப்பின் வாரைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் பிராண்டின் கண்ணில் பட்டான். அந்தக் கைகளுக்கு என்ன மருத்துவம் என்று கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இந்தக் கைகளைத் திரும்பியும் பார்த்ததில்லை என்றார் காக்ரேன். அப்போதுதான் பிராண்ட் அந்த இளைஞனிடம் தம் கையை நீட்டினார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி சுரீர் என்று ஏறியது. அத்தனை பலம்! அப்படியானால் கை முழுவதும் செத்துவிடவில்லை; சில தசைகள் மட்டுமே செயலிழந்தன; மற்றவை நல்ல நிலையில் உள்ளன என்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது.

பிறகு இதே செங்கற்பட்டில், இறந்துபோன நோயாளி ஒருவரின் உடலை இரவு முழுவதும் விளக்கொளியில் ஆய்ந்தார். நரம்புகள் எல்லா இடத்திலும் வீங்கியிருக்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலை ஒட்டிச் செல்லும் பகுதியில் மட்டுமே வீங்கியிருந்தன. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்கிறதல்லவா, அந்த நரம்புதான் முதற்பலி. உடலில் குளிர்ச்சியான இடங்களையே தொழுநோய்க் கிருமி விரும்புகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பிவிடுவதால் முன்கைத் தசைகள் பல பிழைத்திருக்கின்றன. அவற்றின் தசைநாண் ஒன்றை எடுத்துப் பிரித்து விரல்களுக்கு இணைத்துவிட்டால் மடங்கிய விரல் நிமிரும். வேலூரில் அத்தகைய அறுவைகளைத் தொடங்கினார். தொழுநோயாளியின் புண் ஆறாது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. ஆறியது.

ஆனால் நிமிர்ந்த கையோடு வெளியே போன ஒருவர் வருத்தத்தோடு திரும்பி வந்தார். கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை, வேலையும் இல்லை, வாடகைக்கு வீடு தருவாரும் இல்லை என்பது அவர் முறையீடு. பிராண்ட் திகைத்துப்போனார். பிறகு கல்லூரி நிலத்தில் மண்சுவர்க் குடில்கள் எழுப்பி, நவஜீவன நிலையம் என்ற சிற்றூரை உண்டாக்கினார். அங்கே தச்சுப் பட்டறையில் மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அறுவை மருத்துவர் பிராண்டே. லண்டனில் வீண்போனதாகத் தோன்றிய இழைப்புளியும் இரம்பமும் இங்கே கைக்கு வந்தன.

அந்தப் பட்டறையில்தான் தொழுநோயின் உண்மையான கொடுமை பிடிபட்டது. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பது காலங்காலமாக நிலவிய எண்ணம். பிராண்ட் ஒவ்வொரு காயத்தையும் போலீஸ்காரர் போல் துப்புத் துலக்கினார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டெனத் திருப்பிவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கோ தெரியவே இல்லை. இரவில் விரலின் துண்டு காணாமற்போவதன் காரணத்தை அறிய விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் நோயாளிகள் பூனை வளர்க்கலாயினர்! விரல்களைத் தின்றது நோயன்று, வலியின்மை.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைக்கு வேலைக்குச் செல்பவரின் மகன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையார் கருங்கல்லில் உளி வைத்து நாள் முழுவதும் அடிக்கிறார். ஒரே இடத்தில் உளி அழுத்தினால் விரல் நோகும். அவர் அறியாமலே பிடி சற்று மாறும். உள்ளங்கை சூடேறினால் சுத்தியின் வேகம் குறையும். நாற்பது ஆண்டுகளாக அவர் கை கெடாமல் இருப்பது அந்தச் சிறு சிறு நோவுகளுக்குக் கை கீழ்ப்படிவதால்தான். வேலூரில் பிராண்ட் செய்ததும் இதையேதான்: உணர்வற்ற கைக்காரர் எத்தனை நேரத்துக்கொரு முறை பிடி மாற்ற வேண்டும், கைப்பிடி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், மாலையில் எந்தெந்த விரலைப் பார்க்க வேண்டும் என்று, வலி தானாகச் சொல்லித்தருவதைக் கண்ணால் கற்பித்தார். வெறுங்காலில் நடந்து புண்ணாகும் பாதங்களுக்கு மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பரில் செருப்புகள் செய்வித்தார்.

வலி இறைவனின் கொடை என்ற முடிவுக்கு அவர் வந்தது நூல்களைப் படித்தன்று. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடித்து லண்டன் திரும்பிய ஓர் இரவில், காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்குத் தொழுநோய் வந்துவிட்டது என்றே எண்ணினார். மனைவி மக்களைப் பிரிய வேண்டும். தம்மை நம்பி இத்துறைக்கு வந்த இளைஞர் யாவரும் அஞ்சி விலகுவர். இத்தனை ஆண்டு உழைப்பும் குலையும். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலி தாங்காமல் கத்தினார்! நீண்ட இரயில் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் நன்றி சொல்லி வழிபட்டார். அது முதல் தம் நோயாளிகளின் அச்சம் அவருக்கு வெளியார் செய்தியாக இருக்கவில்லை. ஆன்மிக வளர்ச்சி என்று எதையேனும் சுட்டிக்காட்ட வேண்டுமாயின் நான் இந்த இரவைத்தான் சுட்டுவேன்.

விலங்கியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது அவருடைய இன்னொரு கருத்து. உடலில் சேரும் உயிரணு தனித்து வாழும் உரிமையை விட்டுக்கொடுத்தே உடலின் பகுதியாகிறது. தனக்காகவே பெருகும் அணு புற்றுநோயாகிறது. உடல் ஒன்று என்பதன் அடையாளம், ஓர் உறுப்பின் வலியை மற்ற உறுப்புகள் உணர்வது. கிறித்துவின் உடல் என்று திருச்சபையைச் சொல்வதை அவர் இப்படிப் புரிந்துகொண்டார். பசித்தவனிடம் போய் வலி நல்லது என்று யாரேனும் இதைத் திருப்பிச் சொன்னால் அது கொடுமை. பிராண்ட் அதைச் சொல்லும் தகுதியை வலியற்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்தார்.

அவரைச் சுற்றியிருந்தவர்களையும் குறிப்பிட வேண்டும். மார்கரெட்டைக் கண் மருத்துவப் பிரிவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தமக்குக் கண் மருத்துவம் தெரியாதே என்று பதில் எழுதினார். கற்றுக்கொள்ளலாம், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று மறுமொழி வந்தது. போனார், தொழுநோயாளிகளின் கண்பார்வையைக் காக்கும் துறையில் பின்னாளில் உலகம் மதிக்கும் வல்லுநரானார். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தூண்டுதலாக இருந்தவரும் பிராண்டே.

தாய் எவெலினோ இதற்கெல்லாம் மேல். எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வு பெற்று நாடு திரும்பும்படி மிஷன் சங்கம் சொன்னது. ஓராண்டு தவணை கேட்டு வந்தார். ஆண்டு முடிந்ததும் சங்கத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். எலும்பு முறிந்தபோதும் காய்ச்சல் கண்டபோதும் ஊழியத்தைக் கைவிடவில்லை. 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவர் அருகே அடக்கமானார். இவர் கீழ்ப்படிந்தவரா, கீழ்ப்படியாதவரா? சங்கத்தின் ஏட்டில் எப்படி எழுதினார்களோ தெரியாது. மலைமக்களைக் கேட்டால் வேறு விடை வரும். முதுகை வளைக்கும் கீழ்ப்படிதலுக்கும் மலையேறச் செய்யும் கீழ்ப்படிதலுக்கும் உள்ள வேறுபாட்டை மகன் இந்தத் தாயிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையின் வளர்ச்சியில் பிராண்டுக்குப் பெரும் பங்குண்டு. 1960-இல் லாஸ்கர் பரிசும் மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசின் விருதும் வந்தன. 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். 2003 ஜூலை 8-ஆம் நாள் சியாட்டிலில் காலமானார். கார்வில்லில் இருந்தபோது அவர் கவனித்த ஒன்று நமக்கு மிக நெருக்கமானது: சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதமும் தொழுநோயாளியின் பாதமும் ஒரே வகையில்தான் கெடுகின்றன. எங்கள் தெருவிலேயே சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் அந்தக் கறுப்பு ரப்பர் செருப்பைக் கொடுத்து, இரவு படுக்குமுன் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். சிலர் பார்க்கிறார்கள், சிலர், வலிக்கவில்லையே, பிறகென்ன என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கடற்கரைக்கு நடக்கிறார்கள்.