மெட்ராஸ் வெயிலைப் படித்த இளைஞர்: யார் இந்த ராபர்ட் சிசோம்?

கிண்டி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி ஒரு சுற்று பாருங்க. உடம்பு முழுக்கக் கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடங்கள் தெரியும். மே மாதத்தில் ஒரு மணி நேரம் ஏசி நின்றால் போதும், உள்ளே உட்கார முடியாது. ஆனால் இதே சென்னையில், மெரினாவை ஒட்டி, மின்சாரமே வராத காலத்தில் கட்டிய கட்டடங்களும் நிற்கின்றன. மாநிலக் கல்லூரியில் 150 வருஷத்துக்கும் மேலாக வகுப்புகள் நடக்கின்றன.

இப்போ எல்லோரும் பேசும் 'பசுமைக் கட்டடம்' என்ற சொல்லே இல்லாத காலம் அது. அப்போதே இந்த ஊரின் வெயில், கடற்காற்று, கொத்தனாரின் கைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து வரையக் கற்றுக்கொண்டவர் ராபர்ட் ஃபெலோஸ் சிசோம். அவர் யார், என்ன செய்தார், இன்று அவரை ஏன் நினைக்க வேண்டும்? சுருக்கமாகப் பார்ப்போம்.

போட்டியில் ஜெயித்த இளைஞர்

சிசோம் பிறந்தது 1840-ல், லண்டனில். வேலை தேடி இந்தியா வந்தவர், கல்கத்தாவில் பொதுப்பணித்துறையில் இருந்தார். 1864-ல் மெட்ராஸ் அரசு ஒரு போட்டி அறிவித்தது. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கும் யார் நல்ல வரைபடம் தருகிறார்களோ, அவர்களுக்குப் பரிசு.

சிசோமின் வரைபடங்கள் தேர்வாயின. அப்போது அவருக்கு வயது 25-ஐ ஒட்டித்தான். கையோடு மெட்ராஸ் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் பதவியும் கிடைத்தது. அடுத்த இருபது வருஷத்தில் இந்த ஊரின் முகத்தையே அவர் மாற்றினார்.

முதல் கட்டடம் இத்தாலி பாணி... அப்புறம் என்ன ஆச்சு?

1870-ல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். அது பெரும்பாலும் இத்தாலிய பாணிக் கட்டடம். ஐரோப்பாவில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். நீளமான தாழ்வாரங்கள் மட்டும்தான் மெட்ராஸ் வெயிலுக்கு அவர் கொடுத்த பதில்.

ஆனால் அதே காலத்தில் பக்கத்திலேயே அவருக்கு ஒரு பாடசாலை கிடைத்தது. அதுதான் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப்புகளின் இந்த மாளிகை, 1855-ல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்த பிறகு ஆங்கிலேய அரசின் கைக்குப் போனது. அங்கே வருவாய் வாரியத்துக்காகப் புதிய கட்டடம் சேர்க்கும் வேலை சிசோமிடம் வந்தது. பழைய அரண்மனையின் வளைவுகள், குவிமாடங்களோடு ஒத்துப்போகும்படி புதிய பகுதியை வரைந்தார். பக்கத்தில் இருக்கும் கட்டடத்தைப் பார்த்து வரைவது என்ற பழக்கம் அங்கே அவருக்கு வந்தது.

இன்னொரு திருப்பம், 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. இந்தியக் கட்டடக்கலையை ஐரோப்பியர்கள் மதித்துப் படிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். பாழடைந்து கிடந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்கச் சொன்னதும் அவர்தான். அந்த வேலையில் சிசோம் இறங்கினார். ராட்சதத் தூண்கள், கண்ணாடி மாதிரி மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, நடுவே திறந்த முற்றம் என எல்லாவற்றையும் கிட்டத்தில் நின்று பார்த்தார்.

திருவனந்தபுரம் தந்த பாடம்

1870-களில் திருவிதாங்கூரில் ஓர் அருங்காட்சியகம் கட்டும் வேலை வந்தது. லண்டன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் போகவில்லை. முதலில் அந்தப் பகுதியின் அரண்மனைகள், கோயில்கள், மர வேலைகளைச் சுற்றிப் பார்த்துப் படித்தார். அப்புறம்தான் வரைந்தார்.

அதன் விளைவு, 1880-ல் முடிந்த நேப்பியர் மியூசியம். கொட்டும் மழை வழிந்தோடச் செங்குத்தாகச் சரியும் கூரை, சூடான காற்று மேலே போக உயரமான உட்பகுதி, காற்று புகுந்து வெளியேறும் வழிகள் என்று எல்லாமே அந்த மண்ணின் முறை. ஏசி இல்லாமலே உள்ளே குளுமையாக இருப்பதுதான் இன்றும் அந்தக் கட்டடத்தின் பேர். கேரளத்துக் கூரையை அவர் மெட்ராஸுக்கும் கொண்டுவந்தார். சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால் கோபுரத்தின் உச்சியைப் பாருங்க, அந்தச் சாயல் தெரியும்.

சென்னையில் அவர் விட்டுச்சென்றவை

* செனட் ஹவுஸ், சேப்பாக்கம்: 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. மூலைகளில் குவிமாடம் போட்ட கோபுரங்கள், நடுவில் பிரம்மாண்டமான மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். இத்தாலிய மாநிலக் கல்லூரிக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம்தான் சிசோம் கடந்து வந்த தூரம்.
* தலைமைத் தபால் நிலையம், ராஜாஜி சாலை: 1884-ல் இருந்து இங்கேதான் இயங்குகிறது. துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் செங்கல் நிறக் கட்டடம்.
* பி.ஆர் அண்ட் சன்ஸ், அண்ணா சாலை: கடிகாரக் கடைக்காக வரைந்தது. சும்மா ஒரு கடைதானே என்று விடாமல், அதற்கும் மணிக்கூண்டு வைத்தார்.
* விக்டோரியா பப்ளிக் ஹால்: 1883-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டியவர், அந்தக் காலத்தின் பெரிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார்.

ஏசி இல்லாமல் குளுமை எப்படி?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டடங்களில் இருந்த நாலைந்து எளிய விஷயங்கள்தான்.

ஒன்று, தடிமனான செங்கல் சுவர். வெயிலின் சூடு அதைத் தாண்டி உள்ளே வரவே பல மணி நேரம் ஆகும். அதற்குள் சாயங்காலம் ஆகி, கடற்காற்று வந்துவிடும்.

இரண்டு, தாழ்வாரம். வெயில் நேராகச் சுவரில் அடிக்காது. நிழலைத் தாண்டி வரும் காற்றுதான் அறைக்குள் நுழையும்.

மூன்று, உயரமான கூரை. சூடான காற்று மேலே ஏறிவிடும், மனிதர்கள் இருக்கும் மட்டத்தில் அனல் தெரியாது.

நான்கு, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் தளம் போல இது சூட்டை உள்ளே கொட்டாது.

ஐந்து, சுண்ணாம்பு. சிமென்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளாமல், சுவரின் ஈரம் வெளியேற வழி விடும். கடலோர ஊருக்கு இது ரொம்ப முக்கியம்.

இந்த எதையும் சிசோம் கண்டுபிடிக்கவில்லை. நம்ம ஊர் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கைவினைஞர்கள் பக்கம்

1877 முதல் 1883 வரை மெட்ராஸ் கலைப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார் சிசோம். பெரியமேட்டில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். உள்ளூர்க் கைவினைஞர் இல்லாமல் நல்ல கட்டடம் வராது என்பது அவர் எண்ணம். மண்பாண்டம், மரவேலை மாதிரியான தொழில்களுக்குப் பள்ளியில் இடம் கொடுத்தார்.

எல்லாமே நல்லதுதானா?

இல்லை. மறுபக்கமும் உண்டு. இந்தக் கட்டடங்கள் மக்கள் தங்களுக்காகக் கேட்டுக் கட்டிக்கொண்டவை அல்ல. நவாப்புகளிடம் இருந்து எடுத்த இடத்தில், நவாப்புகளின் பாணியிலேயே கட்டி, நாங்கள்தான் அடுத்த ஆட்சியாளர்கள் என்று காட்டும் அரசியல் அதில் இருந்தது. இந்தோ-சாரசெனிக் என்று பெயர் வாங்கிய அந்தப் பாணிமீது இந்த விமர்சனம் இன்றும் இருக்கிறது.

செனட் ஹவுஸ் கட்டி முடியும் முன்புதான், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதையும் மறக்க முடியாது. சிசோமின் பெயர் வரலாற்றில் நின்றது, ஆனால் அந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தனார்கள், சித்தாள்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

பரோடா, பிறகு லண்டன்

பரோடாவில் லட்சுமி விலாஸ் அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்த சார்லஸ் மான்ட் 1881-ல் இறந்துபோனார். பாதியில் நின்ற அந்த வேலையை முடித்துக் கொடுத்தவர் சிசோம். அந்த ஊரின் கல்லூரிக்குப் பெரிய குவிமாடத்தோடு கட்டடமும் தந்தார்.

கடைசியில் லண்டன் திரும்பினார். அங்கே ஸ்லோன் டெரஸில் அவர் வரைந்த தேவாலயம், இன்று கடோகன் ஹால் என்ற இசை அரங்கம். 1915-ல் இங்கிலாந்தில் காலமானார்.

கிண்டிக்கும் சிசோமுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி, சிசோம் காலத்தில் சேப்பாக்கத்தில், அரண்மனையின் கலச மகாலில்தான் இயங்கியது. 1920-ல்தான் கிண்டிக்கு மாறியது. அங்கே அது குடியேறிய சிவப்புக் கட்டடமும் இந்தோ-சாரசெனிக் பாணிதான். கட்டடக்கலைப் படிப்பும் 1957-ல் அதே கிண்டி வளாகத்தில் தொடங்கியது.

கலச மகாலுக்கு 2012-ல் ஒரு சோதனை வந்தது. பெரிய தீ விபத்தில் கூரை இடிந்து விழ, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்று விட்டுவிடவில்லை. பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் கலவை கொண்டு பழைய முறையிலேயே மீட்டது. இப்போது அங்கே இயங்குவது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

அந்த மீட்புப் பணி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. சுண்ணாம்பு அரைக்க, மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கைகள் இன்று ரொம்பக் குறைவு. சிசோம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருந்தார்கள். இன்று கிண்டியில் படித்து வெளியே வரும் இளம் கட்டடக் கலைஞர், யாரிடம் போய்க் கேட்பார்?

சென்னையின் கோடை வருஷத்துக்கு வருஷம் கடுமையாகிக்கொண்டே போகிறது, ஏசி பில்லும்தான். அடுத்த முறை பீச் ரோட்டில் போகும்போது, செனட் ஹவுஸ் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்க. மாநிலக் கல்லூரியும் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு இளைஞர் பத்து வருஷத்தில் இந்த ஊரிடம் கற்றுக்கொண்டதை, இரண்டுக்கும் நடுவே நடந்தே பார்த்துவிடலாம்.