பணமில்லை, படிப்பில்லை, உடம்பிலும் தெம்பில்லை... பானாசோனிக்கை உருவாக்கிய மட்சுஷிதாவின் கதை!

80-களில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருத்தர் ஊருக்கு வந்தால், அவர் கையில் நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் இருக்கிறதா என்றுதான் தெருவே பார்க்கும். அந்த நிறுவனத்தை ஆரம்பித்த கோனோசுகே மட்சுஷிதா, நாலாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவர்.

தன் வெற்றிக்குக் காரணமாக அவர் சொன்ன மூன்று விஷயங்கள் ரொம்பவே விசித்திரமானவை. ஏழையாகப் பிறந்தது, உடம்பு சரியில்லாமல் இருந்தது, படிக்காமல் போனது. இல்லாமை எப்படி ஒருத்தருக்கு முதலீடாகும்? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

9 வயதில் வேலைக்கு

1894-ல் ஜப்பானின் வாகயாமா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார் மட்சுஷிதா. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. நிலபுலன்களோடு வசதியாக இருந்த குடும்பம்தான். அப்பா அரிசி ஊக வணிகத்தில் இறங்கி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டார். அடுத்து மரச்செருப்புக் கடை போட்டார். அதுவும் ஓடலை.

1904-ல், 9 வயதில், தனியாக ரயிலேற்றி ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். முதலில் கரி அடுப்புக் கடையில் எடுபிடி வேலை, அப்புறம் சைக்கிள் கடை. கடையைக் கூட்டுவது, பொருளைத் துடைப்பது, வாங்க வந்தவர்களுக்கு ஓடி ஓடி உதவுவது என்று பையனின் நாள்கள் போயின. வாடிக்கையாளர் முன்னால் எப்படி நிற்கணும், எப்படிப் பேசணும் என்பதெல்லாம் அங்கே கற்றதுதான்.

ஒசாகாவில் டிராம் வண்டிகள் ஓடுவதைப் பார்த்தவருக்கு, இனி மின்சாரம்தான் எல்லாம் என்று தோன்றியது. 15 வயதில் மின்விளக்கு நிறுவனத்தில் வயரிங் வேலைக்குச் சேர்ந்தார். 22 வயதில் இன்ஸ்பெக்டர். அந்த வயதில் அது பெரிய பதவி. அதற்கிடையில் நுரையீரல் நோயும் வந்துவிட்டது. தினக்கூலி என்பதால் லீவு போட்டால் சம்பளம் இல்லை. சொந்தமாக ஏதாவது செய்யணும் என்ற எண்ணம் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடகுக் கடைக்குப் போன கிமோனோ

தானே வடிவமைத்த பல்பு ஹோல்டரை மேலதிகாரியிடம் காட்டினார். தேறாது என்று சொல்லிவிட்டார் அவர். 1917-ல் வேலையை விட்டார் மட்சுஷிதா. கையில் இருந்தது சுமார் 100 யென். குடியிருந்த இரண்டு அறை வீட்டிலேயே தொழிற்சாலை. மனைவி முமெனோ, முமெனோவின் தம்பி டோஷியோ, பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். இந்த டோஷியோதான் பின்னாளில் சான்யோ நிறுவனத்தைத் தொடங்கியவர்.

ஹோல்டர் செய்யத் தேவையான கலவையை எப்படித் தயாரிப்பது என்றே இவர்களில் யாருக்கும் தெரியாது! தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு செய்து முடித்து, ஒசாகா முழுக்க அலைந்தார்கள். 10 நாளில் விற்றது சுமார் 100 ஹோல்டர்கள்தான். நண்பர்கள் இருவரும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். நம்மூரில் நகை அடகுக்குப் போகிற மாதிரி, முமெனோவின் கிமோனோக்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின.

அந்த வருஷக் கடைசியில்தான் மின்விசிறிக்கான 1,000 இன்சுலேட்டர் தட்டுகளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. அவர் விற்க நினைத்த பொருள் அது இல்லை. ஆனாலும் நான் ஹோல்டர்தான் செய்வேன் என்று அவர் வீம்பு பிடிக்கவில்லை. கேட்டதைச் சரியான நேரத்தில் செய்து கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1918 மார்ச்சில் நிறுவனம் முறைப்படி தொடங்கியது.

எரிந்தால் காசு கொடுங்க

1923-ல் பேட்டரியில் எரியும் சைக்கிள் விளக்கைச் செய்தார். அப்போதிருந்த பேட்டரி விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். இவருடையது 30 மணி நேரத்துக்கும் மேல் எரியும். ஆனால் எந்த மொத்த வியாபாரியும் நம்பலை.

மட்சுஷிதா அவர்களோடு வாதாடவில்லை. நேராகச் சைக்கிள் கடைகளுக்குப் போய், காசு வாங்காமல் சில விளக்குகளை வைத்து, ஒன்றை எரியவிட்டு வந்தார். சொன்ன நேரம் வரை எரிந்தால் மட்டும் காசு கொடுத்தால் போதும். விளக்குகள் எரிந்தன, ஆர்டர்கள் வந்தன. முன்பு கைவிரித்த மொத்த வியாபாரிகளும் தேடி வந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பாத முதலாளி

1929 உலகப் பொருளாதார மந்தத்தில் விற்பனை பாதியாக விழுந்தது. கிடங்கு முழுக்கச் சரக்கு. மட்சுஷிதாவோ உடம்பு முடியாமல் படுக்கையில். ஆட்களில் பாதிப் பேரை அனுப்பிவிடலாம் என்று நிர்வாகிகள் யோசனை சொன்னார்கள்.

அவர் ஏற்கவில்லை. உற்பத்தியைப் பாதியாகக் குறைக்கலாம், தொழிற்சாலை அரை நாள் ஓடட்டும், சம்பளம் மட்டும் முழுசாகக் கொடுக்கணும் என்றார். பதிலுக்கு, எல்லாரும் லீவு நாளிலும் சரக்கை விற்க இறங்க வேண்டும். இரண்டே மாதத்தில் கிடங்கு காலியானது.

போருக்குப் பிறகு, ராணுவத்துக்குப் பொருள் செய்து கொடுத்த நிறுவனங்களின் தலைவர்களை அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகம் பதவியிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலில் மட்சுஷிதாவும் இருந்தார். அவரை விட்டுவிடும்படி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய தொழிலாளர் சங்கம்தான்!

நோயையும் படிப்பில்லாததையும்கூட அவர் இப்படித்தான் கையாண்டார். எல்லாவற்றையும் தானே கவனிக்க உடம்பு இடம் கொடுக்காததால், 1933-ல் நிறுவனத்தைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் லாப நஷ்டத்தையும் அதன் தலைவரிடமே ஒப்படைத்தார். ஜப்பானில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் முயற்சி அது. தனக்குத் தெரியாததை யாரிடமும் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

69 வயதில் கேட்ட மன்னிப்பு

பணிவு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது, எல்லாம் வந்த பிறகுதான். 1964 ஜூலை. மட்சுஷிதா அப்போது ஜப்பானின் பெரும் பணக்காரர், தலைவர் பதவியையும் வேறொருவரிடம் கொடுத்திருந்தார். ஆனால் அவருடைய பொருள்களை விற்ற ஏஜென்சிகளில் பெரும்பாலானவை நஷ்டத்தில் தவித்தன. அவர்களை அடாமி நகரத்துக்கு அழைத்துப் பேசினார்.

குறைகள் கொட்டின. மேடையில் நின்று கேட்டவர் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் போதுமான அளவு உழைத்தீர்களா என்று திருப்பிக் கேட்டார். இரண்டு நாள் இழுபறி.

மூன்றாம் நாள் அவர் பேச்சு மாறியது. தொடக்க காலத்தில் தங்கள் பல்பு முதல் தரம் இல்லாதபோதும், தன்னை நம்பி அதை விற்றுக் கொடுத்தவர்கள் இதே வியாபாரிகள்தான் என்பதை நினைவுகூர்ந்தார். அந்த நன்றியை நாங்கள் மறந்துவிட்டோம், தவறு எங்களுடையதுதான் என்று சொல்லும்போது அழுதுவிட்டார். எதிரே இருந்தவர்களில் பலரும் அழுதார்கள்.

மன்னிப்போடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆகஸ்ட்டிலேயே விற்பனைப் பிரிவின் தற்காலிகப் பொறுப்பை ஏற்று, வியாபாரிகளுக்கு லாபம் கிடைக்கும்படி முறைகளை மாற்றினார். 69 வயதில், தான் உருவாக்கிய நிறுவனத்தில் ஒரு பிரிவின் வேலையைப் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

1989-ல், 94 வயதில் மறைந்தார் மட்சுஷிதா. கடன் வாங்கி கடை போட்டவருக்கும், வீட்டிலிருந்தே தொழில் செய்பவருக்கும் தன்னிடம் இல்லாததை நினைத்துக் கவலை வருவது இயல்புதான். அடுத்த முறை அப்படித் தோன்றும்போது, அதை யாரிடம் கேட்டுக் கற்கலாம், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஓரளவு வளர்ந்துவிட்டீர்களா? ஆரம்பத்தில் உங்களை நம்பிய முதல் வாடிக்கையாளருக்கு இன்றைக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்களேன்!