வாஷிங்டன் கோப்பையில் உள்ளூர் பீர்!

ஜார்ஜ் வாஷிங்டன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டாலர் நோட்டு, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி... அவ்ளோதானே? மனுஷன் செம பீர் ரசிகர் பாஸ்!

1732-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1757-ல், 25 வயசு ராணுவ அதிகாரியா இருந்தப்போ, லைட்டான பீர் காய்ச்சும் செய்முறையைத் தன் நோட்டில் எழுதி வெச்சிருக்கார். தவிடு, ஹாப்ஸ், சர்க்கரைப்பாகு, ஈஸ்ட்... சிம்பிள்!

ஆனா, அவர் மனசு 'போர்ட்டர்' பக்கம்தான். லண்டனில் பிறந்த அடர்பழுப்பு பீர் அது. இன்னிக்குக் கிடைக்கிற போர்ட்டரை ருசிச்சவங்களுக்குத் தெரியும், வறுத்த மால்ட்டோட காபி வாசமும் மெல்லிய கசப்பும் நாக்குலயே நிக்கும்.

1769-ல் பிரிட்டன் போட்ட வரிகளை எதிர்த்து, இறக்குமதி வேண்டாம்னு வர்ஜீனியா தலைவர்கள் முடிவெடுத்தாங்க. அதில் வாஷிங்டனும் ஒருவர். அந்தப் பட்டியலில் பீரும் இருந்துச்சு! 1789-ல், தன் வீட்டில் அமெரிக்க போர்ட்டர் மட்டும்தான்னு நண்பர் லஃபாயெத்துக்குக் கடிதமே எழுதினார். பிலடெல்பியாவில் ராபர்ட் ஹேர் காய்ச்சிய போர்ட்டர்னா அவருக்கு அவ்வளவு இஷ்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நாட்டு விடுதலைக்குப் போராடியவரின் மவுன்ட் வெர்னான் பண்ணையில், 1799-ல் அவர் இறந்தப்போ 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தாங்க. தனக்குச் சொந்தமானவங்களை, மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கணும்னு உயிலில் எழுதியிருந்தார்.

ஆக, அந்தக் கோப்பையில் சுதேசிப் பெருமையும் இருக்கு, கசப்பும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே தெரிஞ்சுக்கோங்க!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)